நீர்நாய் இல்லாத கடல்

போடிநாயக்கனூருக்கு ரயில் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மாசி மாதக் கடைசி. போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் எனக்கு வேலை. துரையும் துரைசானி அம்மாளும் பத்து நாள் ரஜா எடுத்துக்கொண்டு, பாம்பன் தீவில் தங்கிக் கடலில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். என்னையும் கூட வரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் நன்றாகத்தான் கழிந்தது. அதில் ஐந்தாம் நாளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம். மழை பிடித்துக்கொண்டால் மேட்டு மண் சரிந்து நாங்கள் குடியிருக்கிற லயத்தின் மேல் விழுமோ என்று பயம். மழை நின்றுவிட்டால், இத்தனை நாள் பெய்தது ஏன் நின்றது என்று பயம். "நீங்க பயந்தது எல்லாம் நடந்திருந்தா இந்த மலையே இந்நேரம் இருந்திருக்காது" என்பாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். ஆனால் சரி என்று தெரிந்துகொண்டதால் யாருக்கும் பயம் போய்விடுவதில்லை.

பங்களாவில் என் முக்கியமான வேலை, துரைசானி அம்மாள் மீன் பிடிக்கப் போகும்போது கூடையும் வலையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவது. எங்கள் மலை ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் சீமையிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்ட டிரவுட் என்ற மீன் உண்டு. அதைப் பிடிப்பது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. பிடித்த மீனைக் கெடாமல் வீடு சேர்ப்பது என் பொறுப்பு. செவுள் வழியாகக் கயிற்றைக் கோத்து, ஓடுகிற தண்ணீரில் மீனை இறக்கி, கரையில் உள்ள வேரில் கட்டிவிடுவேன். மலைத் தண்ணீர் பல் கூசுகிற குளிர்ச்சி. காலையில் பிடித்த மீன் சாயங்காலம் வரை கண் மங்காமல் விறைப்பாகக் கிடக்கும். நீர்நாய் ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும். அதற்கும் மேலே கல்லைப் பரப்பி வைத்துவிட்டால் தீர்ந்தது. இந்த ஒரு வேலையில் மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது. மீன் கெட்டது என்று ஒரு நாளும் நான் பேச்சு வாங்கியதில்லை.

துரைமார்கள் கூடுகிற கிளப்பில் ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார்கள். பெரிய மீன் பிடித்தால் இரண்டு துரைமார் முன்னால் எடை போட்டு அதில் எழுதவேண்டும். முந்தின வருஷம் ஏரியில் மூடுபனி இறங்கியிருந்த ஒரு காலையில் துரைசானி அம்மாளின் தூண்டிலில் ஒரு டிரவுட் மாட்டியது. அவ்வளவு பெரிய மீனை அந்த ஏரியில் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கரை வரைக்கும் வந்த மீன், நான் வலையைத் தண்ணீரில் இறக்குகிற நேரத்தில் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மாள் இதைக் கிளப்பில் சொன்னபோது, பனியில் எல்லா மீனும் பெரிசாகத்தான் தெரியும் என்று ஒரு துரை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் துரையும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து யாராவது எதையாவது மிகைப்படுத்திச் சொன்னால், அது துரைசானியின் மீன் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. நான் வராந்தாவில் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த மீனைப் பார்த்த இன்னொரு ஆள் நான் ஒருவன்தான். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாளும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

தீவுக்குப் புறப்பட்டபோது அவர் மனதில் என்ன இருந்தது என்பது அதனால் எனக்குத் தெரியும். ஒரே ஒரு பெரிய மீன். அதை இரண்டு துரைமார் முன்னால் தராசில் தூக்கவேண்டும்.

நான் எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன். கம்பளி இரண்டு எடுத்துக்கொண்டேன். புதிய இடத்தில் ரத்தம் உறிஞ்சுகிற அட்டை எப்படி இருக்குமோ, உப்பைப் போட்டால்தானே விடும் என்று ஒரு துணிப்பை நிறைய உப்பும் எடுத்துக்கொண்டேன். உப்புக்கு வரி இருந்த காலம். போடிமெட்டுச் சுங்கச் சவுக்கையில் அந்தப் பையைப் பிரித்து, இது ஏது என்று கேட்பார்களோ என்று நடுங்கிக்கொண்டே நடந்தேன். துரையின் சாமான் என்பதால் அவர்கள் தொடவே இல்லை. கீழே இறங்கி ரயில் பிடித்து மதுரை வந்தோம். அங்கே ஸ்டேஷனில் ஒருவர், பாம்பன் பாலம் கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் என்று சொல்லித் தொலைத்தார். பாலத்தில் ரயில் ஊர்ந்த நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு சாமான் பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது தீவு வந்திருந்தது.

தங்கியது துரையின் சிநேகிதர் ஒருவருடைய பங்களாவில். அவர் அந்தக் கடலோரத்தில் ஏதோ உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர். வாசலில் தென்னை, தென்னைக்கு அப்பால் வெள்ளை மணல், மணலுக்கு அப்பால் கடல். கடல் என்பது பெரிய ஏரி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். எதிர்க்கரையைத் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். முதல் நாள் இரவு அது எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும் என்று தோன்றியது. இரண்டாம் நாள், வராது என்று தோன்றியது. மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் நானே போய் முழங்கால் நனைய நின்றேன். காலடியில் மணல் நழுவுவது யாரோ கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

எங்களுக்கு அமர்த்தியிருந்த படகுக்காரர் ஒரு முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வத்தை என்று அங்கே சொல்கிற சின்னப் படகு அவருடையது. மூட்டையைப் பிரிக்கும்போது என் உப்புப் பையைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். பையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"கடலுக்கு உப்பு கொண்டாந்த ஆள இன்னைக்கித்தான் தம்பி பாக்குறேன்" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். தீவுக்கு வடக்கே உள்ள அமைதியான கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் தங்கள் ஆட்கள் சொல்வார்கள் என்று அவர் சொன்னார். நான் அதைச் சாப்பாட்டு மேஜையில் தெரிந்த அளவுக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அப்படியானால் துரைசானி பெண்கடலிலேயே தூண்டில் போடட்டும், மீனும் மரியாதையாக வந்து மாட்டும் என்று சிநேகித துரை சொன்னார். எங்கள் துரை விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் துரைமார் இருவரும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாத்து சுட அக்கரைக்குப் போய்விட்டார்கள். சாயங்கால ரயிலில்தான் திரும்புவார்கள். அம்மாள் தூண்டிலோடு வந்து படகில் ஏறி உட்கார்ந்து, படகுக்காரரிடம் ஒரே வார்த்தை சொன்னார். ஆண்கடல்.

அன்றைக்கு அந்தக் கடலும் சாதுவாகத்தான் இருந்தது. பாறை கிடக்கிற பக்கமாகப் படகை ஓட்டி, பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போனோம். வெயில் ஏறின நேரத்தில் கம்பு வில்லாக வளைந்தது. நரம்பு சுற்றிய சக்கரம் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. மலையில் அது முணுமுணுக்கும். இங்கே அலறியது. மீன் எங்களைப் படகோடு இழுத்துக்கொண்டு போனது. கவிழ்ந்துவிடுவோம் என்று நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். படகுக்காரர் இரண்டு தடவை, நரம்பை வெட்டிவிடச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் அம்மாளிடம் சொன்னேன். அம்மாள் காதில் வாங்கவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து கம்பின் பிடியெல்லாம் ரத்தம். வாயை இறுக்கிக்கொண்டு, கொஞ்சம் விடுவதும் கொஞ்சம் சுற்றுவதுமாக இருந்தார். நான் தொப்பியில் தண்ணீர் மொண்டு அவர் தலையில் ஊற்றினேன். கடைசியில் படகுக்காரர் கொக்கி மாட்டிய கம்பால் இழுத்து உள்ளே போட்டார். பாரை. வெள்ளி உருக்கி வார்த்த மாதிரி மீன். நிமிர்த்தி நிறுத்தினால் என் இடுப்புக்கு வரும்.

அம்மாள் மீனின் வாயைத் திறந்து, இடது பக்கத் தாடையில் தூண்டில் முள் ஏறியிருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார். முள்ளை மெதுவாக எடுத்தார். அப்புறம் படகின் அடிப்பலகையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நானும் படகுக்காரரும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தோம்.

கரையேறும்போது மத்தியானம் ஆகிவிட்டது. தராசு சிநேகித துரையின் அறையில் இருந்தது. அறை பூட்டியிருந்தது. தவிர, அவர்கள் இருவரும் கண்ணால் பார்த்து நிறுக்க வேண்டும் என்பதுதானே முக்கியம். அம்மாளுக்கு நிற்கவே முடியவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு படுக்கப் போகிறவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆறு மணிக்கு ரெண்டு துரையும் வரும். அது வரைக்கும் மீன் பத்திரம். நீ பார்த்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்த வேலை எனக்குத் தெரியும் அல்லவா? இதில் மட்டும் எனக்குத் தைரியம் உண்டு என்று முதலிலேயே சொன்னேன். செவுளில் கயிற்றைக் கோத்தேன். பங்களாவுக்கு எதிரே தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்தில் படகு கட்டுகிற முளை ஒன்று இருந்தது. படகுக்காரர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்.

"அண்ணே, இங்க நீர்நாய் உண்டுமா?"

"நீர்நாயா? அது எதுக்கு இங்க வருது?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு மனது நிறைந்துவிட்டது. நீர்நாய் இல்லை. அப்புறம் என்ன பயம்?

முதலில் முழங்கால் ஆழத்தில்தான் கட்டினேன். இரண்டு காக்கை வந்து பார்த்தன. காக்கை கொத்திவிடுமே என்று இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ச்சி போதாதே என்று கயிற்றை நீளமாக விட்டு, மார்பளவு ஆழத்தில் மீன் அடியில் கிடக்கும்படி இறக்கி, மேலே கல் வைத்து, கயிற்றின் மறுநுனியை முளையில் கட்டினேன். பயந்து பயந்து நானே அதை ஆழத்துக்குக் கொண்டு போனேன். அதற்குப் பிறகு கரையிலிருந்து பார்த்தால் முளையும், முளையிலிருந்து தண்ணீருக்குள் போகிற கயிறும் மட்டும்தான் தெரியும்.

சமையல் வேலைக்கு நடுவே ஏழெட்டுத் தடவையாவது ஓடி வந்து பார்த்திருப்பேன். முளை நிற்கிறது. கயிறு விறைப்பாக இருக்கிறது. சரி, மீன் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நிம்மதியாகத் திரும்பிப் போவேன். இவ்வளவு அக்கறையாக வேறு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கே என்மேல் ஒரு திருப்தி.

நாலரை மணிக்கு இறங்கி, மேலே வைத்த கல்லைக் காலால் தள்ளிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். லேசாக வந்தது. கல்லில் சிக்கியிருந்ததால்தான் அத்தனை நேரம் விறைப்பாக நின்றிருக்கிறது. நுனியில் வளையம் இருந்தது. வளையத்தில் செவுள் எலும்பு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மூழ்கித் தேடினேன். எனக்கு நீச்சல் தெரியாது, ஆனாலும் தலையை உள்ளே விட்டுத் தேடினேன். மணலில் நாலைந்து நண்டு ஓடியது. ஏதோ ஒரு குட்டையான மீன் கூட்டம் என் காலருகே வந்து, இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்கிற மாதிரி சுற்றிவிட்டுப் போனது. வேலை போய்விடும் என்பதுதான் முதலில் தோன்றியது. அப்புறம் கிளப் வராந்தா ஞாபகம் வந்தது. இன்று சாயங்காலம் இரண்டு துரைமாரும் வருவார்கள். மீன் எங்கே என்பார்கள். அம்மாள் வெறும் கையை விரிப்பார். அந்தச் சிரிப்பு மறுபடியும் கேட்கும். ஏரியில் அறுத்துக்கொண்டு போனது மீனின் கெட்டிக்காரத்தனம். இது என் கெட்டிக்காரத்தனம்.

ஈரத் துணியோடு படகுக்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் உட்கார்ந்து வலையை முடிந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கை நின்றுவிட்டது.

"கடல்லயா கட்டிப் போட்டிய? செத்த மீனையா?" என்றார். "தம்பி, அங்க நண்டு இருக்கு, பேத்தை மீன் இருக்கு, சின்னச் சுறா இருக்கு. எல்லாத்தையும் கூப்பிட்டுச் சோறு வச்சிருக்கிய."

"நீர்நாய் இல்லைன்னு சொன்னீங்களேண்ணே."

சொல்லிவிட்டேனே தவிர, அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்கே தெரிந்தது. அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. எழுந்து என் தோளில் ஒரு துண்டைப் போட்டு, தன் தம்பியின் வலைப்படகு கரைக்கு வந்திருக்கிறது, அதில் பாரை விழுந்ததாகச் சொன்னார்கள் என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே பாரை இருந்தது. ஒன்றே ஒன்று. எங்கள் மீனைவிட ஒரு சாண் பெரிது. எனக்குத் தயக்கமாக இருந்தது.

"பாரைக்குப் பாரை. தூக்குங்க" என்றார் அவர். "தராசுக்குக் கண்ணா இருக்கு?"

இருவருமாக ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து பங்களாவின் பின்புறம் ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொய்யை நான் தூக்கிச் சுமந்ததில்லை. அதுவும் இன்னொருவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சுமந்தேன்.

ஆறு மணிக்குத் துரைமார் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சிநேகித துரை தராசை எடுத்து வந்து தென்னையில் மாட்டினார். நானும் படகுக்காரரும் மீனைத் தூக்கிக் கொக்கியில் போட்டோம். கொக்கி கீழே இறங்கிய வேகத்தைப் பார்த்து எங்கள் துரை சீட்டியடித்தார். சிநேகித துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். எங்கள் துரை சட்டைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார். அம்மாள் அப்போதுதான் தலை சீவிக்கொண்டு, கையில் கட்டோடு வெளியே வந்தார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எல்லாம் சரியாகிவிட்டது, கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

முள் எங்கே ஏறியிருந்தது என்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் போலிருக்கிறது அம்மாளுக்கு. நேராக மீனிடம் வந்து வாயைத் திறந்தார். இடது தாடையைத் தடவினார். மறுபடியும் தடவினார். வலது பக்கம் பார்த்தார். வலையில் விழுந்த மீனுக்கு ஓட்டை எங்கிருந்து வரும்? தராசுக்குக் கண் இல்லை. அம்மாளுக்கு இருக்கிறது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை.

அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

துரை பென்சிலோடு காத்திருந்தார். எழுதிக்கொள்ளட்டும் என்று அம்மாள் பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டு துரைமாரும் ஒப்புக்கொண்டாயிற்று. தொப்பியும் கழற்றியாயிற்று. ஒரு வருஷமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். என்னைத் தவிர, படகுக்காரரைத் தவிர, யாருக்கும் தெரிந்திருக்காது.

அம்மாள் இங்கிலீஷில்தான் சொன்னார். பங்களாவில் இத்தனை வருஷம் இருந்த எனக்கு அந்தச் சின்ன வாக்கியங்கள் புரிந்தன. இது என்னுடைய மீன் இல்லை. என்னுடையது இதைவிடச் சின்னது.

சிநேகித துரை சிரிக்க ஆரம்பித்தார். அப்படியானால் உன் மீன் எங்கே என்று கேட்டார் போலிருக்கிறது. அம்மாள் தோளைக் குலுக்கினார். என் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. அவர் நீட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. மலையில் கட்டுகிற மாதிரி கடலில் கட்டிப் போட்டதையும், கடல் அதைத் தின்றுவிட்டதையும், வேறு மீன் கொண்டுவந்து வைத்ததையும், நீர்நாயைப் பற்றி விசாரித்ததையும்கூட ஒன்று விடாமல் சொன்னேன். படகுக்காரர் குறுக்கே வந்து, மீன் கொடுத்தது தான்தான், இவரைச் சொல்லிக் குற்றமில்லை என்றார். சிநேகித துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். நீர்நாய் என்று கேட்டதும் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் துரை சிரிக்கவில்லை. தொங்குகிற மீனைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"அந்த மீனை நீ பார்த்தியா?"

"பாத்தேன் தொரை."

"எவ்வளவு பெரிசு? காட்டு."

நான் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். காட்டிய பிறகு பயம் வந்துவிட்டது. கையை இரண்டு விரல் கீழே இறக்கிக்கொண்டேன்.

அவர் படகுக்காரரைப் பார்த்தார். படகுக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். துரை பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். பெரிய மீனைத் தன்னுடையது இல்லை என்று சொல்கிற ஒரு மனுஷி, இல்லாத மீனைப் பிடித்ததாகச் சொல்லமாட்டாள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது நடந்தது ஊகம் இல்லை. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். துரை நாற்காலியை அம்மாள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல் என்றார். மலையில் இருந்த அத்தனை வருஷத்தில் அவர் அம்மாளிடம் மீன் கதை கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். கம்பு வளைந்ததை, படகு ஓடியதை, கை உரிந்ததை எல்லாம் சொன்னார். சூப் ஆறிப்போனது. இருவரும் தொடவில்லை.

நடுவில் அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, மூன்று மணி நேரம் இழுத்தது அல்லவா என்று தமிழில் கேட்டார்.

"மூணு இல்லீங்கம்மா. ரெண்டரை இருக்கும்" என்றேன்.

முதலில் சிரித்தது அம்மாள்தான். துரையும் சிரித்தார். கிளப்பில் சிரித்த சிரிப்பு இல்லை அது. என் மேலேயும் கோபம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

வலையில் பிடித்த பாரையைப் படகுக்காரர் வீட்டில் வெட்டிப் பங்கு போட்டார்கள். மறுநாள் மத்தியானம் எங்களுக்கும் ஒரு சட்டி குழம்பு வந்தது. புளியும் மிளகாயும் தூக்கலாக, அப்படி ஒரு ருசி. சிநேகித துரைகூட மூக்கில் தண்ணீர் வழிய வழிய இரண்டு தடவை போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த நாட்களில் துரையும் அம்மாளும் ஒரே படகில் போனார்கள். நான் கரையில் உட்கார்ந்து படகுக்காரரின் தம்பிக்கு வலை உதற உதவினேன். அவ்வளவு பெரிய மீன் பிறகு மாட்டவே இல்லை. மலைக்குத் திரும்பியபின் கிளப் புத்தகத்தில் அந்த மீன் ஏறவும் இல்லை. நிறுக்காத மீனை எப்படி எழுதுவார்கள்? அம்மாள் அதைக் கேட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் துரைசானியின் மீன் என்ற கேலியை எங்கள் துரை முன்னால் யாராவது சொன்னால், அவர் சிரிப்பதை விட்டுவிட்டார். அவர் சிரிக்காததால் மற்றவர்களுக்கும் அது மெல்ல அலுத்துப்போனது.

நான் இன்றும் பயந்தாங்கொள்ளிதான். பாலத்தில் போனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கால்மணி தாமதமாக வந்தால் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். ஆனால் ஒரு காரியத்தில் எனக்குப் பயம் விட்டது. யாராவது என்னை நான் செய்ததைவிடக் கூடுதலாகப் புகழ்ந்தால், வாய் கூசினாலும், நான் செய்தது இதைவிடச் சின்னது என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்ன பிறகு, அந்தச் சின்னதை மனிதர்கள் முழுசாக நம்புகிறார்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.